கறுப்புக் கட்டத்துக்குள் சிரித்தவள்

டான்யூப் ஆற்றங்கரையிலுள்ள எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் அச்செய்தி காகிதத்தில்தான் வெளியே நடக்கும். சுற்றிலும் கறுப்புக் கட்டம், தலையில் சிலுவை, நடுவில் படம், கீழே பெயரும் வயதும். வீட்டுக் கதவிலும் பேருந்து நிறுத்தத்திலும் அவர் உழைத்த இடத்தின் வாயிலிலும் அதை ஒட்டுவார்கள். நாற்பதாம் நாள் மறுபடி ஒன்று, அரையாண்டில் ஒன்று, ஆண்டு நிறைவில் ஒன்று. மழை கரைத்த தாளின்மேல் புதுத் தாள் ஏறும். ரொட்டி வாங்கப் போகிறவர்கள் அந்தச் சுவர்களைப் படித்துக்கொண்டே போவார்கள்.

மருத்துவமனை வாயிலின் இடப்புறத் தூணில், வெலிச்காவின் படம் இருபது மாதங்கள் கறுப்புக் கட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த இருபது மாதமும் அவள் உயிரோடு இருந்தாள். அத்தாளை அச்சகத்துக்குக் கொண்டுபோனவன் நான்.

நான் அம்மருத்துவமனையில் ஊழியர் பிரிவு எழுத்தன். யார் சேர்ந்தார், யார் விலகினார், யார் விடுப்பில் இருக்கிறார் என்பதெல்லாம் என் மேசையைக் கடந்துதான் போகும். வெலிச்கா பிள்ளைகள் பிரிவின் தலைமைச் செவிலி. மலையடிவாரத்துச் சிற்றூரிலிருந்து வந்து, செவிலியர் பள்ளியில் தேறி, இருபத்திரண்டு வயதில் எங்கள் வாயிலுக்குள் நுழைந்தவள், ஐம்பத்தாறு வயதுவரை வேறெந்த வாயிலுக்குள்ளும் வேலை தேடி நுழையவில்லை. கணவன் டான்யூபில் சரக்குப் படகு ஓட்டியவன்; நாற்பது வயதில் ஆற்றோடு போனான். ஒரே மகள் கலினா, ஸ்பெயினில் முதியோர் இல்லமொன்றில் பிறர் தாய்மாரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளுக்கு ஊசி போடுவதில் வெலிச்காவுக்கென்று ஒரு முறை இருந்தது. தன் வெள்ளைச் சட்டையின் பொத்தான்களை எண்ணச் சொல்வாள். பிள்ளை மும்முரமாக எண்ணும்; நான்காம் பொத்தானில் விரல் வைக்கையில் ஊசி உள்ளே போய் வெளியேயும் வந்திருக்கும். எங்கள் ஊரில் இன்று மீசை வைத்திருக்கும் பாதிப்பேர் அந்தப் பொத்தான்களை எண்ணியவர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டில் அப்பிரிவில் பதினான்கு செவிலியர் இருந்தனர். பிறகு நாட்டின் கதவுகள் திறந்தன. வியாழனும் ஞாயிறும் சதுக்கத்திலிருந்து ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் பேருந்து புறப்படும். ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். பயணம் போகிறவரின் வழி நீர்போலத் தடையின்றி ஓட வேண்டும் என்று வாசற்படியில் அவர் காலுக்கு முன்னால் தண்ணீர் ஊற்றி அனுப்புவது எங்கள் வழக்கம். பிரிவின் படியில் அதைச் செய்தவள் வெலிச்கா. செம்புக் குடம் அவள் அறையில்தான் இருக்கும். ஒன்பது முறை ஊற்றினாள். காவலாளி கன்சோ ஒருமுறை துடைப்பத்தோடு நின்று, "இப்பிடி ஊத்திக்கிட்டே இருந்தீங்கன்னா, அக்கா, டான்யூப் நம்ம வார்டுக்குள்ள வந்து படுத்துக்கும்" என்றான். அவள் சிரித்துவிட்டுக் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

எஞ்சியவர் ஐவர். ஐவருக்குக் கீழே ஓர் எண் குறைந்தாலும் பிள்ளைகள் பிரிவை மூடிவிட வேண்டும் என்பது விதி. மூடினால் அடுத்த மருத்துவமனை எண்பது கிலோமீட்டர் தொலைவில்.

அத்தாளை ஒட்டிய ஆண்டின் சனவரியில் வெலிச்கா மாவட்ட நகரத்து இதய மருத்துவரிடம் போய்வந்தாள். இதயத்து வால்வு ஒன்று தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும், மாற்றியபின் மூன்று மாதம் படுத்திருக்க வேண்டும், கோடைக்கு மேல் தள்ளாதே என்று அவர் சொல்லியிருந்தார். விடுப்புப் படிவத்தை என் மேசைமேல் வைத்தாள். நான் முத்திரையைத் தேடுவதற்குள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"நான் படுத்தா நாலு பேரு. நாலுன்னா பூட்டு. கணக்கு உனக்குத் தெரியாதா அசென்?"

பூட்டினால் பூட்டட்டும், உயிரைவிடப் பெரிதா என்று நான் கேட்டேன்.

"மூச்சு முட்டுற குழந்தைய மடியில வச்சுக்கிட்டு எண்பது கிலோமீட்டர் போற தாய நீ பாத்ததில்ல. ஒரு ஆளப் பிடிச்சுக் குடு. அடுத்த நாளே போய்ப் படுத்துக்கறேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

அன்றுமுதல் ஒரு செவிலி வேண்டும் என்பது எனக்கு அலுவலகக் காரியமாக இருக்கவில்லை. அந்த ஒருத்தி வந்தால் வெலிச்கா பிழைப்பாள், வராவிட்டால் இல்லை. அவள் கேட்டுக்கொண்டபடி இதை நான் எவரிடமும் சொல்லவில்லை.

ஆள் தேவை என்று ஊரில் அறிவிப்பு ஒட்டலாம், ஆனால் இயக்குநர் அம்மையார் மருத்துவர் பேயெவா, வெறும் எழுத்தை யாரும் படிக்கமாட்டார்கள், சிரித்த முகமொன்று வேண்டும் என்றார். மார்ச் முதல் நாள், பிள்ளைகளின் மணிக்கட்டுகளில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய வசந்த நூலைக் கட்டிக்கொண்டிருந்த வெலிச்காவை என் கைப்பேசியில் படமெடுத்தேன். கன்சோவின் தொப்பியை ஒரு குறும்புக்காரி பறித்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்ட கணம் அது. வெலிச்கா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் மார்பிலும் அந்த நூல் குத்தியிருந்தது.

தேவாலயத்தின் பின்புறத்தில் மித்கோவின் அச்சகம். அவசரத்தில் நான் படத்தையும் வாசகம் எழுதிய தாளையும் வைத்து, "வழக்கம்போல ஐம்பது" என்று சொல்லித் திரும்பிவிட்டேன். எங்கள் மருத்துவமனை மித்கோவிடம் வழக்கமாக அச்சடித்தது ஒன்றே ஒன்றுதான்: இறந்துபோன ஊழியரின் அறிவிப்பு. அவன் வழக்கம்போலவே செய்தான். 'எங்களோடு சேருங்கள். பிள்ளைகள் பிரிவுக்குச் செவிலியர் தேவை' என்னும் எழுத்துகளின் மேல் வெலிச்காவின் படம், சுற்றிலும் விரற்கடை அகலக் கறுப்புக் கட்டம். வசந்த நூலின் சிவப்பும் அச்சில் கறுத்துவிட்டது.

பிறகு கேட்டபோது மித்கோ, தான் எழுத்தைக் கோப்பதோடு சரி, படிப்பதில்லை என்றான். சிலுவை மட்டும் ஏன் விட்டாய் என்றேன். "சிலுவை வேண்டாம்னு சொல்ற பழைய கம்யூனிஸ்ட் கட்சிக்காரங்க இருக்காங்கல்ல, அண்ணே. அந்த வகைன்னு நெனச்சேன்."

அது என் கண்ணில் படுமுன் கன்சோ விடியற்காலையிலேயே ஊரெங்கும் ஒட்டிவிட்டான். நண்பகலுக்குள் பூக்கள் வந்தன. சந்தைக்காரி ஒருத்தி, இறந்தவர் பெயரால் பகிரும் சர்க்கரை தூவிய அவித்த கோதுமையைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வாயிலில் நின்று அழுதாள். ஸ்பெயினிலிருந்து கலினா கதறிக்கொண்டு அழைத்தாள். யாரோ அவளுக்குப் படத்தை அனுப்பியிருந்தார்கள். வெலிச்கா தொலைபேசியில், "செத்திருந்தா ஃபோன எடுப்பேனாடி?" என்று கேட்டதை வராந்தாவிலிருந்த நாங்களெல்லாம் கேட்டோம்.

நகரப் பேருந்து ஓட்டுநர் யோர்தான் ஆறு செங்கார்னேஷன் பூக்களோடு மாடியேறி வந்து பிரிவின் கதவைத் தட்டினார். அவருடைய மகள் மூன்று வயதில் நுரையீரல் காய்ச்சலோடு பதினொரு நாள் கிடந்து மீண்டது அந்தப் பிரிவில்தான். கதவைத் திறந்தவள் வெலிச்கா. எங்கள் ஊரில் உயிரோடிருப்பவருக்கு ஒற்றைப்படையிலும் இறந்தவருக்கு இரட்டைப்படையிலும் பூக்கொடுப்பார்கள். அவர் கையிலிருந்த பூக்களை அவள் நிதானமாக எண்ணினாள்.

"ஆறு இருக்கு, யோர்தான்."

"சாவுக்குன்னுதான் அக்கா வாங்கினேன்."

அவள் ஒரு பூவை உருவி அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தாள். "இப்ப அஞ்சு. இப்ப எனக்குக் குடு" என்றாள். ஐந்தையும் கண்ணாடிக் குவளையில் வைத்து ஒரு வாரம் நீர் மாற்றினாள். அவர் அந்த ஒற்றைப் பூவைப் பேருந்தின் முகப்பில் செருகிக்கொண்டு போனார்.

அறிவிப்பைக் கிழித்துவிட்டு வேறு அச்சடிக்கலாம் என்றேன். இயக்குநர் இசையவில்லை. இருபதாண்டில் மருத்துவமனை ஒட்டிய தாள்களில் ஊர் முழுவதும் படித்தது இந்த ஒன்றைத்தான் என்றார். அவர் சொன்னதிலும் நியாயமிருந்தது. வெலிச்காவையே கேட்டோம். ஆள் வந்தால் சரி, கட்டம் எந்த நிறத்தில் இருந்தால் என்ன என்றாள். ஆகவே வெயிலில் வெளுக்கும்போதெல்லாம் அதே அச்சில் புதுத் தாள் ஒட்டினோம். நாற்பதாம் நாள் கன்சோ அந்தத் தூணைப் பார்த்து, "வேலைக்கு நாப்பது ஆயிருச்சு, கோதும அவிக்கலாமா?" என்றான். மறுநாள் வெலிச்கா உண்மையிலேயே வால்நட் போட்டு அவித்துக் கொண்டுவந்தாள். ஐந்து செவிலியரும் தேநீர் அறையில் அமர்ந்து, வராத ஆறாமவளின் பெயரால் சிரித்துக்கொண்டே தின்றார்கள்.

கோடை வந்து போயிற்று. எவரும் வரவில்லை. செவிலியர் பள்ளிகளுக்கு எழுதினேன். இறுதியாண்டு மாணவியர் ஜெர்மன் மொழி படித்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வுபெற்றவர்களின் வீடுகளுக்குப் போனேன். அவர்கள் முழங்காலைக் காட்டினார்கள். சிலர் வீட்டில் பேரப்பிள்ளைகளைக் காட்டினார்கள், தாய்மார் வெளிநாட்டில். வெலிச்கா மாடிப்படியின் திருப்பத்தில் நின்று, தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்ற சுவரறிவிப்பைப் படிக்கத் தொடங்கினாள். முப்பது ஆண்டுகளாக அங்கேயே தொங்கும் அறிவிப்பு அது. அவள் மூச்சு வாங்குவதற்காக நிற்கிறாள் என்பதை நானொருவனே அறிவேன். கீழிருந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். என்னைக் கண்டால், "ஒண்ணாம் வரி மறந்துபோச்சு" என்பாள்.

ஊரோ அந்தத் தூணுக்குப் பழகிவிட்டது. முதலில் தொப்பியைக் கழற்றியவர்கள், பிறகு சிரித்தவர்கள், பிறகு பார்க்காமலே கடந்தார்கள். வேலை நோட்டீஸ் என்று அதற்குப் பெயராகிவிட்டது.

இரண்டாம் ஆண்டு செப்டம்பரில் பில்யானா வந்தாள். முப்பத்தெட்டு வயது, இத்தாலியில் ஆறாண்டு இருந்துவிட்டுத் தாயைப் பார்த்துக்கொள்ளத் திரும்பியவள், முறையாகப் படித்த செவிலி. தூணிலிருந்த தாளைக் கையிலேயே கிழித்துக்கொண்டு என் அறைக்குள் வந்து, "இது சாவுக்கா, வேலைக்கா?" என்றாள். வேலைக்கு என்று நான் சொன்ன குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. தாள்களெல்லாம் சரிபார்த்து முடிய மாதக் கடைசியாயிற்று. அக்டோபர் முதல் நாள் அவள் சேர்ந்தாள். அன்று மாலையே வெலிச்கா மாவட்ட நகருக்குத் தொலைபேசியில் பேசி, புனித பெத்காவின் நாளான பதினான்காம் தேதிக்கு அறுவைச் சிகிச்சையைக் குறித்துக்கொண்டாள். ஒரு சிறு பையில் இரவு உடையும் செருப்பும் பெத்காவின் சிறு திருவுருவமும் வைத்துத் தன் மேசைக்கடியில் தயாராக வைத்தாள். அந்த நாட்களில் தேவாலயத்தில் அவள் ஏற்றிய மெழுகுதிரிகள் நன்றிக்கானவை.

பில்யானா பதினோரு நாள் வேலை பார்த்தாள். குறைசொல்ல முடியாத கை. ஆனால் அதில் ஆறு இரவு முறை. மூன்று பேர் வேலையை ஒருத்தி செய்வது. அழும் தாய்மார், கத்தும் தகப்பன்மார். பன்னிரண்டாம் நாள் காலை என் மேசையில் விலகல் கடிதம் இருந்தது. இத்தாலியில் பழைய வீட்டார் கூப்பிடுகிறார்கள், தாயையும் உடனழைத்துப் போகலாம் என்கிறார்கள் என்றாள். வெலிச்காவின் இதயத்தைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. நான் சொல்ல வாயெடுத்தேன். வாசலில் நின்ற வெலிச்கா என்னைப் பார்த்த பார்வையில், பேச்சை விட்டுக் கடிதத்தில் முத்திரை குத்தினேன்.

"என்னைத் தப்பா நெனச்சிராதீங்க அக்கா. முடியல. வீட்டுக்குப் போனா கை நடுங்குது."

"தப்பென்ன இருக்கு. எனக்கும் மொத வருஷம் நடுங்குச்சு. அப்ப பதினாலு பேரு இருந்தோம், ஒருத்தி கைய ஒருத்தி பிடிச்சுக்கிட்டோம். உன் கையப் பிடிக்க இங்க யாரு இருக்கா? போய்ட்டு வா."

செம்புக் குடத்தை எடுத்துவந்து படியில் ஊற்றினாள். பத்தாம் முறை. அன்று பாதி நீர் அவள் காலணியிலேயே சிந்தியது. பில்யானா ஈரப்படியைத் தாண்டி இறங்கிப்போன ஓசை அடங்கியதும், என் அறைக்கு வந்து தொலைபேசியைக் கேட்டாள். மறுமுனையில் இருந்தவரிடம் ஒரே வரி சொன்னாள், தள்ளிப்போடுங்கள் என்று. எந்தத் தேதிக்கு என்று அவர்கள் கேட்டிருக்க வேண்டும். அவள் கருவியை வைத்துவிட்டாள். மறுநாள் கன்சோ தூணில் அதே தாளைத் திரும்ப ஒட்டினான்.

பை மேசைக்கடியிலேயே இருந்தது.

எல்லாவற்றையும் இயக்குநரிடம் சொல்லிவிட வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது. அவள் என்னிடம் வாங்கிய சொல்லை நான் காத்தேன். காக்கத் தகாத சொற்களும் உண்டு என்பதை அறிய எனக்கு இன்னும் ஆறு வாரம் தேவைப்பட்டது.

நவம்பர் கடைசியில் ஒரு வியாழன். ஊரெங்கும் காய்ச்சல், கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள். அடுத்தடுத்து இரண்டு முறை வேலை பார்த்துவிட்டு, காலை ஒன்பது மணிக்கு வெலிச்கா அடுத்த மாதத்துப் பணிப்பட்டியலை எழுத அமர்ந்தாள். சற்றுநேரம் கழித்து இளையவளான ரோசித்சா எட்டிப் பார்த்தபோது, அவள் பட்டியலின்மேல் கையை மடித்துத் தலை சாய்த்திருந்தாள். ரோசித்சாவுக்கு மகிழ்ச்சி. முப்பது ஆண்டுகளில் வெலிச்கா உட்கார்ந்து தூங்கி எவரும் கண்டதில்லை. உதட்டில் விரல் வைத்துக்கொண்டு அறையறையாகப் போய், "அக்கா கொஞ்சம் கண்ணசந்துட்டாங்க, யாரும் சத்தம் போடாதீங்க" என்று சொல்லிவந்தாள். தாய்மார் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவைக் கடந்தார்கள். ஒருத்தி தன் பிள்ளையின் போர்வையைக் கொண்டுவந்து அவள் தோளில் போர்த்தினாள். வேறொருத்தி லிண்டன் மரப்பூவில் தேநீர் வைத்து, ஆறாமலிருக்கச் சிறு தட்டால் மூடினாள். காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளும்கூட அந்த முக்கால் மணிநேரம் அழவில்லை என்று சொன்னார்கள். அம்மருத்துவமனை தன் ஊழியர் ஒருத்திக்கு நல்கிய முழுமையான ஓய்வு அதுவொன்றே.

பட்டியலில் கையொப்பம் வாங்க நான் பத்து மணிக்குப் போனேன். எல்லோரும் என்னைக் கையசைத்துத் தடுத்தார்கள். நானும் கால்விரலூன்றி நடந்துதான் அருகே போனேன். கையைத் தொட்டேன். தேநீர் இன்னும் சூடாக இருந்தது.

பட்டியலில் டிசம்பர் மாதம் முழுமையும் நிரம்பியிருந்தது. ஐந்து பெயர்கள். விடுமுறை நாட்களின் கட்டங்களிலெல்லாம் தன் பெயரையே எழுதியிருந்தாள்.

மித்கோவிடம் நான்தான் போனேன். இம்முறை நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அவன் அச்செழுத்துப் பெட்டியை இழுத்துத் திறந்தான்.

"இந்தத் தடவ சிலுவ போடவா, அண்ணே?"

போடு என்றேன். படம்? வேறு படமில்லை. படமெடுக்க அவள் எப்போதும் ஒப்புக்கொண்டதில்லை. கலினாவிடமிருந்தவையோ இருபதாண்டுப் பழையவை. அதே சிரிப்பு, அதே கறுத்த நூல், அதே கட்டம், அதே அளவு. அதே பசையால் அதே தூணில், பழைய தாளின் மேலேயே ஒட்டினேன். துயரம் என் கண்ணை மறைத்ததோ, இருபது மாதப் பழக்கம் மறைத்ததோ அறியேன். அது எனது இரண்டாம் பிழை.

கலினா வந்துசேர இரண்டு நாள் காத்திருந்தோம். பிரிவில் இருந்த தாய்மார் காய்ச்சல் பிள்ளைகளை விட்டு வெளியே வரவில்லை. இரண்டு நாளும் ஊர் அந்தத் தூணைக் கடந்து ரொட்டி வாங்கப் போயிற்று. வேலை நோட்டீஸைப் புதுப்பித்திருக்கிறார்கள் என்று எண்ணிற்று.

அடக்கத்தன்று தேவாலயத்தில் பதினொரு பேர் இருந்தோம். ஐவரில் எஞ்சிய நால்வரில் இருவர் பிரிவை விட்டு வர இயலாது. வந்த இருவரும் வெள்ளைச் சட்டையின்மேல் மேலங்கி போட்டபடி பாதியில் எழுந்துபோய் மற்ற இருவரையும் அனுப்பினார்கள். பாதிரியார் பெயரைக் கேட்டுவிட்டு வாயிலைப் பார்த்தார். அவரும் பொத்தான்களை எண்ணியவர்தான். இன்னும் கால்மணி காத்திருப்போம், ஊர் வரும் என்றார். மணலில் ஊன்றிய பதினொரு திரிகள் அந்தக் காத்திருப்பில் பாதியாயின. நான் வெளிப்படியில் நின்றேன். சதுக்கத்தில் சந்தை கூடியிருந்தது. காய்கறிப் பைகளோடு போனவர்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் பெயர்களெல்லாம் எங்கள் பதிவேட்டில் இருந்தன. கூவி அழைத்திருக்கலாம். சாவுக்கு ஆள் கூவி அழைப்பது வழக்கமில்லை. அதற்குத்தான் காகிதம் இருக்கிறதே என்று நின்றேன்.

பெட்டியைத் தோளேற்றி வெளியே கொணர்ந்தபோது நகரப் பேருந்து சதுக்கத்தைச் சுற்றி வந்தது. யோர்தான் என்னைக் கண்டால் நாள்தோறும் செய்வதுபோல இருமுறை ஒலியெழுப்பிக் கையசைத்துவிட்டுப் போனார். யாரோ ஒருவர் சாவு என்று எண்ணியிருப்பார்.

டிசம்பர் முதல் நாள் பிள்ளைகள் பிரிவைப் பூட்டினார்கள். நால்வரில் மூவர் சனவரிக்குள் பேருந்தேறினார்கள். படியில் நீரூற்ற எவருமில்லை; செம்புக் குடத்தையும் மேசைக்கடியிலிருந்த பையையும் கலினா எடுத்துக்கொண்டாள். பையைத் திறந்து இரவு உடையின் மடிப்பைப் பார்த்தவள், இதை எப்போது எடுத்துவைத்தார்கள் என்று என்னிடம் கேட்டாள். அப்போதுதான் நான் முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

செய்தி மெல்ல, ஒருவர் வாயிலிருந்து மற்றவர் செவிக்குப் போய்ச் சேர்ந்தது. நாற்பதாம் நாளன்று கல்லறையில் பனி விழுந்திருந்தது. கலினா கோதுமை அவித்து, சர்க்கரைமேல் வால்நட்டால் சிலுவை வரைந்து கொண்டுவந்தாள். பதினொரு பேருக்குப் போதும் என்று கிண்ணங்கள் எடுத்துவந்தவள், மேட்டின்மேல் ஏறி வந்த கூட்டத்தைக் கண்டு திகைத்து நின்றாள். எவரும் யாரையும் நோக்கவில்லை. ஆளுக்கொரு கரண்டி வாங்கி உள்ளங்கையில் வைத்துத் தின்றார்கள்.

கடைசியாக யோர்தான் வந்தார். ஓட்டுநர் சீருடையோடு, வண்டியை வழியிலேயே நிறுத்திவிட்டு வந்திருக்கிறார் என்பது தெரிந்தது. கையில் ஒரேயொரு செங்கார்னேஷன். பக்கத்திலிருந்த கிழவி அவர் சட்டையைப் பிடித்திழுத்து, பூ ஒற்றையாக வைக்கலாகாது, இரண்டாக வை என்று முணுமுணுத்தாள்.

"இது ஒண்ணில்ல, அம்மா" என்றார் யோர்தான். "அஞ்சு ஏற்கெனவே குடுத்துட்டேன். இது ஆறாவது."